பாதி பிளேடும் முழுத் தீட்டும்

திருவனந்தபுரத்தில் முடிதிருத்தகங்களின் சுகாதாரம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. ஒன்று, நகரத்தின் படித்த நடுத்தர வர்க்கத்தின் குரல். சாலைக் கடைத்தெருவிலும் கிழக்கேகோட்டையைச் சுற்றிய சந்துகளிலும் உள்ள ஒற்றை நாற்காலிக் கடைகள் நோயின் விளைநிலம் என்றும், கழக்கூட்டத்துக் குளிரூட்டிய சலூன்களே பாதுகாப்பானவை என்றும் அது தீர்ப்பளிக்கிறது. மற்றொன்று, ஆய்வரங்குகளின் குரல். சுகாதார விதி என்பதே சாதியத் தூய்மைவாதம் அணிந்துகொண்ட வெள்ளைக் கோட்டு என்றும், நாவிதரின் கடைக்குள் அரசு நுழைவதே வன்முறை என்றும் அது வாதிடுகிறது. முதற்குரல் நாவிதரைக் குற்றஞ்சாட்டப்பட்டவராக ஆக்குகிறது. இரண்டாவது குரல் அவரைக் குறியீடாக ஆக்குகிறது. இரண்டுமே அவருடைய விரல்களைப் பார்ப்பதில்லை.

பிறர் தாடையில் நாள் முழுதும் பிளேடு ஓட்டுபவரின் விரல்களில் ஆறிய கீறல்களும் உண்டு, ஆறாத கீறல்களும் உண்டு. அவற்றின் வழியே நோய் நுழைந்தால் அவருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லை; கடை திறக்காத நாளில் அடுப்பும் எரிவதில்லை. சவரக்கத்தியின் சுகாதாரம் பற்றிய விவாதம் தொடங்க வேண்டிய இடம் இந்த விரல்கள்தாம். அங்கிருந்து தொடங்கினால், விதி தேவையா தேவையில்லையா என்ற கேள்வி தானே கரைந்துவிடும். யாருக்கான விதி, யார் செலவில், யார் யாரைச் சோதிப்பது என்ற கேள்விகளே எஞ்சும்.

முதலில் கருவியைச் சரியாக அறிதல் வேண்டும். பழைய மடக்குக் கத்தி சாணைக்கல்லில் தீட்டப்பட்டது. தோல்வாரில் இழுத்துப் பதப்படுத்தப்பட்டது. ஒரே விளிம்பு ஒரு நாளில் பல முகங்களைத் தொட்டது. அதை ஒவ்வொரு முறையும் கொதிநீரிலிட்டுக் கிருமி நீக்குதல் கடையின் வேகத்துக்கு ஒத்துவராதது. தோல்வாரைக் கொதிக்க வைக்கவே இயலாது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவரக் கருவியோடு, பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளேடு உலகெங்கும் பரவியது. இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கடைகளில் காணப்படுவது இரண்டின் கலப்பு: உருவம் மடக்குக் கத்தியினது, உள்ளே செருகப்படுவது இருமுனை பிளேடின் ஒரு பாதி. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய 1990-களுக்குப் பின், ‘புது பிளேடு போடுங்கள்’ என்று சொல்வது வாடிக்கையாளரின் வழக்கமாயிற்று. அவர் கண்முன்னே பிளேடை ஒடித்துச் செருகுவது நாவிதரின் மரியாதையாயிற்று.

இந்தப் பாதி பிளேடு பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே முழுச் சுகாதாரம் என்ற மயக்கத்தையும் அது உண்டாக்கியது. பிளேடு மாறுகிறது, பிளேடைக் கவ்வும் பிடி மாறுவதில்லை. சோப்பு நுரையும் முடித்துணுக்கும் சிலவேளை இரத்தமும் தங்குவது அந்தப் பிடியின் இடுக்கில்தான். தூரிகை மாறுவதில்லை. நுரைக் கிண்ணம் மாறுவதில்லை. இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது படிகாரக் கல். தோலைச் சுருக்கி இரத்தக் கசிவை நிறுத்துவது அதன் இயல்பு. ஆகவே இரத்தம் கசியும் இடத்தில்தான் அது தேய்க்கப்படுகிறது; பின்னர் அதே கல் அடுத்தவர் கன்னத்துக்குச் செல்கிறது. புது பிளேடு கேட்டு வாங்கும் படித்த வாடிக்கையாளர், அந்தக் கல்லைத் தம் முகத்தில் தேய்க்க மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறார். அவர் அஞ்சக் கற்றுக்கொண்டது பிளேடுக்கு மட்டுமே. தொற்று எந்த வழியில் செல்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குளிரூட்டிய சலூன்களின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறானதன்று. அங்கு நீல வெளிச்சம் வீசும் ஒரு பெட்டி இருக்கும். கத்தரியும் சீப்பும் அதற்குள் அடுக்கப்பட்டிருப்பதே தூய்மைக்குச் சான்றாகக் காட்டப்படும். புற ஊதாக் கதிர் தன்மீது நேராகப் படும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கருவிகளின் நிழற்பகுதியிலும், நுரையும் எண்ணெயும் படிந்த இடுக்கிலும் அதனால் பயனில்லை. முதலில் சோப்பும் நீரும் இட்டுத் தேய்த்துக் கழுவாத எந்தக் கருவியையும் எந்தக் கதிரும் எந்தத் திரவமும் தூய்மையாக்குவதில்லை. கௌடியாரின் பெரிய கண்ணாடிக்கும் சாலையின் ரசம் போன கண்ணாடிக்கும் இடையில் கட்டண வேறுபாடு உண்டு. கிருமி அந்த வேறுபாட்டை அறியாது.

இனி நோயின் அளவைப் பார்க்கலாம். பொதுமக்களின் அச்சத்தில் முதலிடம் எச்.ஐ.விக்கு, உண்மையான கவலைக்குரியது ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி பெறாத மருத்துவ ஊழியர் ஒருவரைத் தொற்றுள்ள ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி பற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை என்றும், ஹெபடைடிஸ் சிக்கு ஏறத்தாழ 1.8 விழுக்காடு என்றும், எச்.ஐ.விக்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு என்றும் மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. துளையுள்ள ஊசியும் சவர பிளேடும் ஒன்றல்ல. கடையில் அபாயம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் இந்த மூன்று நோய்களின் வரிசை மாறாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் தொற்றும் திறனோடு இருக்க வல்லது. திங்கட்கிழமை பிடியின் இடுக்கில் தங்கிய துளி சனிக்கிழமையும் பொருட்படுத்தத் தக்கதே.

இங்கே ஆய்வுலகம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கல்லீரல் அழற்சி பற்றிய இந்தியக் கள ஆய்வுகளின் வினாப்பட்டியலில் பச்சை குத்துதல், பல் சிகிச்சை, இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றோடு ‘நாவிதரிடம் சவரம்’ என்பதும் ஓர் அபாயக் காரணியாக இடம்பெறுகிறது. நாட்டின் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையேனும் நாவிதரிடம் சென்றவர்களே. ஏறத்தாழ எல்லாருக்கும் பொதுவான ஒன்றை வைத்து நோயுற்றோரையும் நோயற்றோரையும் பிரித்துக் காண்பது எளிதன்று. எந்தக் கருவி, எத்தனை முறை, பிளேடு மாற்றப்பட்டதா, படிகாரம் பகிரப்பட்டதா என்று கேட்காமல் ‘நாவிதர்’ என்று ஒரு கட்டத்தில் குறியிடும் வினாப்பட்டியல், செயலை விடுத்து ஆளை அளக்கிறது. அதே வினாப்பட்டியல் நாவிதரின் சொந்த இரத்தத்தைச் சோதிக்க எப்போதாவதுதான் நினைக்கிறது. நாள் ஒன்றுக்கு ஒருமுறை சவரம் செய்துகொள்பவரையும், அதே நாளில் இருபது பேருக்குச் சவரம் செய்பவரையும் ஒப்பிட்டால், பிறர் இரத்தத்தோடு அதிகம் தொடர்புறுவது யார் என்பதைச் சொல்லப் புள்ளியியல் வேண்டியதில்லை.

ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-இல் உள்நாட்டிலேயே அதைத் தயாரித்து வெளியிட்ட பின் விலை பெரிதும் சரிந்தது. குழந்தைகளுக்கான பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது 2011-இல். அதாவது இன்று கடையில் நின்று வேலை செய்யும் பெரும்பாலோர் அந்தத் திட்டத்துக்கு முன் பிறந்தவர்கள். தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. மருத்துவமனையில் இரத்தத்தோடு பழகுவோருக்குத் தடுப்பூசி அளிப்பது இன்று எவரும் மறுக்காத நெறி. அதே தர்க்கம் மருத்துவமனை வாயிலைத் தாண்டி எதிரிலுள்ள முடிதிருத்தகத்துக்குள் நுழையாமல் நின்றுவிடுகிறது. ஆறு மாதத்தில் மூன்று ஊசி, அவ்வளவே தேவை. நாவிதரிடம் கடையின் தூய்மையைக் கேட்கும் அரசு, தன் கடமையான இந்த மூன்று ஊசிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மருத்துவமனைக்கும் நாவிதருக்கும் இடையிலான இந்தச் சுவர் பழமையானதன்று. ஐரோப்பாவில் கத்தி பிடித்தவர் இருவரும் ஒருவரே. இங்கிலாந்தில் 1540-இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745-இல்தான் பிரிந்தனர். பிரிந்த பின் ஒரு பிரிவினர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். மற்றவர் தெருவோரத்தில் நின்றனர். தமிழ்நிலத்தில் நாவிதர் குடும்பத்து ஆண் புண்ணுக்கு மருந்திட்டார். பெண் பிள்ளைப்பேறு பார்த்தார். ‘மருத்துவர்’, ‘மருத்துவச்சி’ என்ற பெயர்கள் அந்தச் சமூகத்துக்கு உரியனவாய் இருந்ததன் காரணம் அதுவே. நவீன மருத்துவம் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, வேலையை எடுத்துக்கொண்டது, இழிவை மட்டும் அவர்களிடமே விட்டுச்சென்றது. சென்னையின் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் ‘அம்பட்டன் வாராவதி’ ஆகி, அதுவே மீண்டும் ஆங்கிலத்தில் நாவிதர் பாலமாக மொழிபெயர்க்கப்பட்ட கதையைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஒரு துரையின் பெயர் சாதிப் பெயராகத் திரிந்ததில் எல்லாருக்கும் வேடிக்கை தோன்றுவது, அந்தச் சாதிப் பெயரே ஓர் இழிசொல்லாகப் புழங்கியதால்தான் என்பதை அந்தச் சிரிப்பு மறைத்துவிடுகிறது.

அந்த இழிவின் தடம் சட்டத்தின் சொல்லிலும் இருக்கிறது. கேரளத்தில் உள்ளாட்சியின் தொழில் உரிமத்தை மக்கள் நெடுங்காலமாக ‘டி அண்ட் ஓ லைசன்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அபாயகரமானதும் அருவருப்பானதுமான தொழில்களுக்கு உரிய உரிமம் என்பது அதன் விரிவு. தோல் பதனிடுதலும் எலும்பு அரைத்தலும் ஊருக்குள் வரக் கூடாதென்ற காலனிய நகராட்சியின் மனப்பாங்கு அந்தச் சொல்லில் உறைந்திருக்கிறது. தொழிலை அருவருப்பென வகைப்படுத்தும் பார்வை, தொழிலாளியைப் பாதுகாக்கும் பார்வையாகத் தானே மாறிவிடாது. அதை மாற்ற வேண்டும்.

அந்தப் பார்வை எப்படிச் செயல்படும் என்பதை 2020-ஆம் ஆண்டு வெளிச்சமாக்கியது. கொரோனா ஊரடங்கின் நான்காம் கட்டத்தில், மே மாதம், கேரள அரசு முடிதிருத்தகங்களைத் திறக்க அனுமதித்தது. குளிரூட்டி கூடாது, முடி வெட்டுதலும் சவரமும் போன்ற பணிகள் மட்டும், காத்திருப்போர் இருவருக்கு மேல் கூடாது, ஒருவருக்குப் போர்த்திய துண்டை மற்றவருக்குப் போர்த்தக் கூடாது, வாடிக்கையாளரே துண்டு கொண்டுவருவது நலம் என்று விதிகள் வந்தன. தமிழ்நாட்டில் ஜூன் தொடக்கத்தில் வந்த நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே சென்று, வருவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. பேரிடர்க் காலத்தில் விதி வகுத்ததில் தவறில்லை. துண்டு பற்றிய விதி அறிவுடையதும்கூட. ஆனால் இரண்டு மாத வருமானம் இழந்த ஒருவரிடம் கிருமிநாசினியும் முகக்கவசமும் பதிவேடும் வாங்கச் சொன்ன அரசுகள், அவற்றுக்குரிய செலவை யார் தருவார் என்பதற்கு நேரான விடை சொல்லவில்லை. சுகாதாரத்தின் பயன் ஊருக்கு, செலவு நாவிதருக்கு. இந்தக் கணக்கு பேரிடரோடு முடியவில்லை. அன்றாடக் கணக்கே இதுதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் இடுக்கி மாவட்டத்தின் வட்டவடையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. தமிழ் பேசும் மக்கள் வாழும் அந்த மலைக்கிராமத்தில் சக்கிலியர் சமூகத்தவர்க்கு ஊர் முடிதிருத்தகங்கள் தலைமுறைகளாகக் கதவடைத்திருந்தன. அவர்கள் முடி வெட்டிக்கொள்ள வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஊராட்சியே அனைவருக்குமான ஒரு பொது முடிதிருத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. சமூக முன்னேற்றத்துக்கு எடுத்துக்காட்டாக உலகப் பொருளாதார நூல்கள் பேசும் மாநிலத்தில், ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936-இல் வெளியான நிலத்தில், தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு நாற்காலியில் அமரும் உரிமைக்கு ஊராட்சியின் தலையீடு வேண்டியிருந்தது.

இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் காத்திருக்கலாம், யார் துண்டு கொண்டுவர வேண்டும் என்று ஒரு மாதத்தில் எழுதிவிட முடிந்த ஆட்சி இயந்திரத்தால், நாற்காலி யாருக்கு மறுக்கப்படுகிறது என்று அத்தனை ஆண்டுகள் கேட்க முடியவில்லை. கிருமியை விதியாக எழுத முடிந்த இடத்தில் தீட்டை விதியாக எழுத மனம் வரவில்லை. உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி கடையின் சதுர அடியையும் வரி ரசீதையும் பார்க்கிறார். இந்த நாற்காலியில் எல்லாரும் அமர முடிகிறதா என்று பார்ப்பதில்லை. அரசமைப்பின் 15-ஆவது உறுப்பு கடைகளில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருக்கிறது. அதைச் சோதனைப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்க்க எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.

வட்டவடையைச் சொல்லி நாவிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முழு உண்மையாகாது. சாதி அடுக்கின் இடைப்படியில் நிற்பவர் கீழ்ப்படிக்குக் கதவடைக்கிறார். மேற்படியின் வாடிக்கையை இழக்கும் அச்சமும் அந்தக் கதவைத் தாழிடுகிறது. மறுத்த கை தண்டனைக்குரியது. மறுக்க வைத்த ஊரும் விசாரணைக்குரியது. தெற்கே நாவிதரைக் ‘குடிமகன்’ என்று அழைக்கும் வழக்கு உண்டு. அறுவடைக் களத்தில் நெல் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஊழியம் செய்யும் குடி என்பது அதன் பொருள். அதே சொல்லைத்தான் குடியரசு வாக்குரிமை உடையவருக்கும் வழங்குகிறது. முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு அவரை நகர்த்தும் வேலை சொல்லளவில் முடிந்துவிட்டது. கடைக்குள் முடியவில்லை.

இனி குப்பைக்கு வரலாம். மருத்துவக் கழிவு பற்றிய 2016-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் ஊசி, அறுவைக் கத்தி, பிளேடு முதலிய கூர்ப்பொருள்களைத் துளைபடாத வெள்ளைக் கலனில் இட வேண்டும் என்கின்றன. மருத்துவமனை, ஆய்வகம், இரத்த வங்கி, கால்நடை நிலையம், பள்ளியின் முதலுதவி அறை வரை அந்த விதிகளின் பட்டியல் நீள்கிறது. முடிதிருத்தகம் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஒரே பிளேடு, ஒரே மனித இரத்தம். அறுவை அறையில் அது அபாயகரக் கழிவு. சலூனில் அது செய்தித்தாளில் மடித்த குப்பை. திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. விளப்பில்சாலை மக்களின் போராட்டத்தால் அங்கிருந்த மாநகராட்சிக் குப்பை ஆலை 2011 இறுதியில் மூடப்பட்டது முதல், கழிவை உண்டாகும் இடத்திலேயே பிரித்துக் கையாள்வது என்பதே நகரத்தின் வழி. பிரித்த கழிவை வீடு வீடாக வாங்கிச் செல்வோர் ஹரித கர்ம சேனையின் பெண்கள். கையால் வாங்கி, கையால் பிரிக்கும் வேலை அது. மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் பாதி பிளேடு முதலில் தேடுவது அவர்களின் விரலைத்தான். 2024 ஜூலையில் ரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் தோட்டின் குப்பையை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி உயிரிழந்தபோது, நகரம் எறியும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உடலில் போய் முடிகிறது என்பதை எல்லாரும் ஒரு வாரம் பேசினார்கள். வாரம் முடிந்தது.

முடிதிருத்தகக் கழிவில் பிளேடு மிகச் சிறு பங்கு. ஒரு கடையின் ஒரு மாத பிளேடுகள் ஒரு சிறு தகர டப்பாவில் அடங்கிவிடும். மூடியில் கீறலிட்ட டப்பாவைக் கடைதோறும் மாநகராட்சி கொடுத்து, மாதம் ஒருமுறை தனியாக வாங்கி, மருத்துவக் கூர்ப்பொருள்களோடு சேர்த்து அழிப்பது பெரிய பொறியியல் சாதனை அன்று. செய்யாமலிருப்பதற்குச் செலவைக் காரணம் காட்ட முடியாது.

இப்போது ஆய்வரங்குகளின் குரலுக்கு மறுமொழி கூற வேண்டும். சுகாதார விதி ஒடுக்குமுறைக் கருவியாகலாம் என்ற அவர்களின் ஐயத்துக்கு வரலாற்றுச் சான்று உண்டு. அமெரிக்காவில் நாவிதர்க்கான முதல் உரிமச் சட்டம் 1897-இல் மினசோட்டாவில் வந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில், தெற்கு மாநிலங்களில் தூய்மை, உரிமம் என்ற பெயர்களில் கறுப்பின நாவிதர்களைத் தொழிலிலிருந்து விலக்கும் முயற்சிகள் நடந்தன. 1926-இல் அட்லாண்டா நகர மன்றம் வெள்ளையினப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கறுப்பின நாவிதர்கள் முடி திருத்தக் கூடாதென்றே விதி இயற்றியது. இதை மறந்துவிட்டு விதி கேட்பது ஆபத்தானது. ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தில் நாவிதர்களின் தொழிற்சங்கங்களும் உரிமத்தையும் சுகாதாரத் தரத்தையும் கேட்டுப் போராடின. குறைந்த கூலிக்கும் நீண்ட நேர வேலைக்கும் எதிராக ஒரு தரையை நிறுவ அவை அந்தச் சட்டங்களைப் பயன்படுத்திக்கொண்டன. விதி தானாக நன்மையோ தீமையோ செய்வதில்லை. அதை எழுதும் மேசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

மேலும், நாவிதரை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காண்பது அவர்தம் வரலாற்றுக்கே இழுக்கு. 1890-இல் பம்பாயில் நாவிதர்கள் ஒன்றுகூடி, விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை என்று மறுத்தனர். அந்த மறுப்பின் பின்னணியில் சத்தியசோதக் இயக்கமும் நாராயண் மேகாஜி லோகண்டேயும் இருந்தனர். தம் கத்தி எதற்குப் பயன்படலாம், எதற்குப் பயன்படலாகாது என்று அவர்கள் தாமே விதி வகுத்தனர். சவரக்கத்திக்கு அறம் உண்டு என்று சாத்திரக்காரர்களுக்குப் பாடம் சொன்ன ஒரு சமூகத்துக்கு, சுகாதார விதியைப் புரிந்துகொள்ளவும் வகுக்கவும் திறமில்லை என்று கருதுவது முற்போக்கின் பெயரால் செய்யப்படும் மற்றோர் அவமதிப்பு. எவர் கடையையும் சோதிக்கக் கூடாதென்று கருத்தரங்கில் முழங்கிவிட்டு, தம் முகத்துக்கு மட்டும் விலையுயர்ந்த சலூனைத் தேர்ந்தெடுக்கும் அறிஞரின் கோட்பாடு யாருடைய கல்லீரலையும் காப்பதில்லை.

பெருந்திரளுக்குச் சவரம் செய்யும் இடங்களில் இது இயலாததன்று என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஹஜ் பயணத்தின் முடிவில் தலை மழிக்கும் இலட்சக்கணக்கானோருக்காக, உரிமம் பெற்ற நாவிதர் மட்டுமே, ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு என்ற விதியைச் சவூதி அரேபியா நடைமுறைப்படுத்துகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் 2021-இல் நீக்கப்பட்டது. அங்குப் பணிபுரிவோருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. பக்தியின் பெயரால் நாவிதருக்கு ஒரு தொகை தர அரசால் இயலுமானால், பொதுநலத்தின் பெயராலும் இயலும். கேரளத்தின் பிற்படுத்தப்பட்ட சமூக வளர்ச்சித் துறை மரபுவழி நாவிதர்கள் கடையைப் புதுப்பிக்க நிதியுதவி அளிக்கும் திட்டத்தை ஏற்கெனவே நடத்துகிறது. அந்த நிதி கண்ணாடிக்கும் சுழல் நாற்காலிக்கும் போவதோடு நில்லாமல், குழாய் நீருக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கருவி கொதிக்க வைக்கும் கலனுக்கும் போகட்டும். ஓடும் நீர் இல்லாத கடையிடம் கை கழுவச் சொல்லும் விதி வெறும் பரிகாசம்.

திருவிதாங்கூர்-கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1955-இல் வந்தது; மலபார் பகுதியில் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே தொடர்ந்தது. இரண்டையும் நீக்கி, மாநிலம் முழுமைக்கும் ஒரே பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. பழைய சட்டங்களின் காவல் நிலைய மொழியைப் புதிய சட்டத்தின் விதிகளிலும் பெயர்த்து எழுதிவிடாமல் தடுக்க இதுவே தருணம். அந்த விதிகளில் முடிதிருத்தகத்துக்கு உரிய பகுதி ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. அதில் இருக்க வேண்டியவை இவை:

1. முடிதிருத்தகத்தில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் இலவசம். கடை மூடும் கிழமையில், கடைத்தெருவிலேயே முகாம். புலம்பெயர்ந்து வந்தவர், உரிமையாளர், பயிற்சியில் உள்ள இளைஞர் என்ற வேறுபாடு கூடாது. தொற்று கண்டறியப்பட்டவருக்கு இலவச சிகிச்சை. அவர் பெயர் வெளியாகாது, உரிமம் பறிபோகாது.

2. ஒருவருக்கு ஒரு பிளேடு என்பதோடு, பிடியைச் சோப்பிட்டுக் கழுவிக் கிருமிநீக்க வேண்டும். படிகாரக் கல்லைப் பகிர்வது கூடாது; தூளாகவோ சிறு துண்டாகவோ ஒருவருக்கு ஒருமுறை. துணித் துண்டும் ஒருவருக்கு ஒன்றே.

3. பிளேடுக்கெனத் துளைபடாத டப்பாவை உள்ளாட்சி தர வேண்டும். உள்ளாட்சியே திரும்பப் பெற வேண்டும். கழிவு எடுப்போருக்கும் அதே தடுப்பூசி.

4. சோதனைப் படிவம் ஒற்றை நாற்காலிக் கடைக்கும் நட்சத்திர விடுதியின் சலூனுக்கும் ஒன்றே. முதல் முறை குறை கண்டால் பயிற்சி. அபராதம் அதன் பின்னரே. படிவத்தின் முதல் வரி: ‘இங்கு எவருக்கேனும் சேவை மறுக்கப்படுகிறதா?’

5. விதி மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதை எழுதும் குழுவில் மருத்துவரும் அதிகாரியும் அமரும் எண்ணிக்கையில் நாவிதரும் அமர வேண்டும்.

6. சவரக் கட்டணத்தில் பிளேடும் துண்டும் கிருமிநாசினியும் அடங்கிய விலையைச் சங்கங்களோடு பேசி அறிவிக்க வேண்டும். பத்து ரூபாய் கூடியதற்குத் தெருவில் சண்டையிடும் வாடிக்கையாளர் சுகாதாரம் பற்றி உரையாற்றும் தகுதியை இழக்கிறார்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சவரத் தூரிகைகள் வழியே ஆந்த்ராக்ஸ் பரவி மக்கள் இறந்தனர். காரணத்தைத் தேடியபோது அது கடைக்காரரின் கையில் இல்லை. சரியாகக் கிருமிநீக்காமல் ஆலைக்கு வந்த குதிரைமயிரில் இருந்தது. அங்கே திருத்தம் தேவைப்பட்டது மூலப்பொருளைக் கையாளும் முறையில். நோய் வெளிப்பட்ட இடமும் நோய் தொடங்கிய இடமும் வேறுவேறு என்ற அந்த எளிய பாடம் இன்றும் கற்கப்படாமலே கிடக்கிறது. சவரக்கத்தியின் விளிம்பில் தெரியும் அழுக்கு, தண்ணீர்க் குழாய் இல்லாத கடையிலும், தடுப்பூசி தராத துறையிலும், பிளேடை வாங்கிக்கொள்ளாத மாநகராட்சியிலும், நாற்காலியை மறுக்கும் ஊரிலும் தொடங்குகிறது. சோதனை அதிகாரி அங்கெல்லாம் சென்று பார்த்துவிட்டு, கடைசியாகக் கடைக்கு வரட்டும். அப்போது அவரிடம் கேட்க நாவிதருக்கும் சில கேள்விகள் இருக்கும்.